'போல' எனும் ஒரு சொல்

நம் இலக்கிய உலகில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. எழுத்தாளர் ஒருவர், "இவ்வுலகம் மெய்யாகத் தோன்றவில்லை; நானே எனக்கு அந்நியனாகத் தெரிகிறேன்" என்ற பொருள்பட எழுதிவிட்டால், விமரிசகர்கள் உடனே அவருக்கு ஞானி என்னும் பட்டத்தைச் சூட்டிவிடுகிறார்கள். நம் இல்லங்களிலோ வேறொரு வழக்கம். கல்லூரிக்குச் சென்று திரும்பும் பிள்ளை அதே சொற்களைத் தயங்கித் தயங்கி உம்மாவிடம் சொன்னால், பிள்ளைக்குக் கண்ணேறு பட்டுவிட்டது, ஏதோ தீண்டிவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொடுக்கவும் தாயத்துக் கட்டவும் ஆள் தேடத் தொடங்குகிறோம். அச்சில் வந்தால் ஞானம். அடுக்களையில் சொன்னால் பைத்தியம். எதிரெதிர்த் திசையில் நிற்கும் இவ்விரு தீர்ப்புகளும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றன. சொன்னவன் என்ன சொன்னான் என்பதைச் செவிமடுக்காமலேயே இரண்டும் வழங்கப்படுகின்றன.

அந்த வாக்கியத்தை இலக்கியத்தில் எவ்வாறு படிப்பது என்பதே இங்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். அதை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவருக்கு வீட்டில் அதைக் கேட்கவும் தெரியும்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931ஆம் ஆண்டிலிருந்து மின்சார இரயில் ஓடுகிறது. அந்தப் பாதையில் தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய் என்ற சொல்லையே வீட்டில் உரக்கச் சொல்லக் கூசிய காலம் ஒன்றிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். அந்நோயைத் தீர்க்க எழுந்த நிலையம் இன்று இரயில் பெயர்ப்பலகையில் நிற்கிறது; எவரும் கூசுவதில்லை. ஆனால் அதே இரயிலில் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் ஏறி, மேல்கம்பியைப் பற்றிக்கொண்டு, பற்றியிருக்கும் கை தன்னுடையதுதானா என்று உற்று நோக்கும் இளைஞனின் துன்பத்துக்கு நம் மொழியில் இன்னும் ஒரு நிலைத்த பெயர் இல்லை. அவன் "ஒரு மாதிரி இருக்கிறது" என்கிறான்; "எதுவும் ஒட்டமாட்டேன் என்கிறது" என்கிறான். அந்தப் பேச்சு வழக்கிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: ஒட்டாமை. தன்னோடு தான் ஒட்டாமை, உலகோடு தான் ஒட்டாமை என இரண்டும் இதில் அடங்கும்.

தாம்பரம் மேற்கில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி நூல் வாசிப்பதுண்டு. மௌனியின் கதைகளை வாசித்த ஒரு மாலையில், வண்டலூர்ப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை ஒருவன் கூட்டம் கலைந்த பின்பும் நின்றான். "மாமா, இதை எல்லாரும் பெரிய தரிசனம் என்கிறீர்கள். எனக்கு நாலு மாதமாக இப்படித்தான் இருக்கிறது. எனக்குப் பயமாகத்தானே இருக்கிறது?" என்றான். தேர்வுக் கவலையில் உறக்கம் கெட்டு, ஒருநாள் நெஞ்சு படபடத்து, அதன்பின் எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டதாம். விமரிசகர் எவரும் எங்களிடம் கேட்டிராத கேள்வி அது. தரிசனம் என்றால் அதில் ஏன் அச்சம் மட்டுமே இருக்கிறது?

அவன் சொன்னவற்றுள் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. கனவு போல இருக்கிறது. சினிமாப் பார்ப்பது போல இருக்கிறது. என் குரல் வேறு எவருடையதோ போலக் கேட்கிறது. 'போல' என்பது உவம உருபு. தொல்காப்பியர் உவமைக்கென்றே ஓர் இயல் வகுத்தார். உவமையில் இரு பொருள்களும் இரண்டாகவே நிற்கும். மதி போன்ற முகம் என்னும்போது முகம் முகமாகவே இருக்கிறது. முகமாகிய மதி என்று சொல்லிவிட்டால் அது உருவகம். அங்கே முகம் மதியாகவே ஆகிவிடுகிறது. ஒட்டாமையால் வருந்துகிறவன் உவமையை விட்டு நகர்வதே இல்லை. உலகம் கனவு என்று அவன் சொல்வதில்லை. கனவு போல இருக்கிறது என்கிறான்; கனவன்று என்பது தனக்குத் தெரியும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறான். மனநோய் மருத்துவர்கள் இந்நிலையைச் சித்தப் பிரமையிலிருந்து பிரித்தறியக் கொள்ளும் அடையாளமும் இதுவே: மெய் எது, தோற்றம் எது என்ற தெளிவு அவனிடம் கெடாமல் இருக்கிறது. இலக்கண ஆசிரியரும் மருத்துவரும் ஒரே சொல்லின் மேல் கை வைத்திருப்பது எனக்கு வியப்பளித்தது.

இந்நிலை அரியதும் அன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த தெருக்களும் மூழ்கின. அதன் பின்னான வாரங்களில் அப்பகுதிப் பெண்கள் சிலர் என்னிடம் சொன்னது ஒன்றே: தண்ணீர் வாசலேறி வந்தபோது அழுகை வரவில்லை, யாருக்கோ நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது என்று. பேராபத்தில் மனம் தன்னைக் காத்துக்கொள்ள உணர்ச்சியைத் தணித்துவிடுகிறது. கை கால்கள் தம் வேலையைச் செய்கின்றன. ஆபத்து நீங்கியதும் பெரும்பாலோருக்கு அத்திரை தானாக விலகும். ஓயாத பதற்றத்தில் வாழ்கிறவனுக்கோ அபாய மணி நிற்பதே இல்லை. ஆகவே திரையும் விலகுவதில்லை. பிறகு அத்திரையைக் கண்டே அஞ்சுகிறான். அச்சம் திரையை மேலும் தடிப்பாக்குகிறது. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இது நீடித்த நோயாக இருக்கிறது என்பது ஆய்வாளர் கணக்கு. பெரும்பாலும் பதின்பருவத்தில், சராசரியாக 16 வயதில் தொடங்குகிறது. அதாவது, பிள்ளைகளை நாம் தேர்வுகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பும் வயதில்.

மேலை நாட்டில் இதற்குப் பெயர் தந்தது மருத்துவ நூலன்று, ஒரு நாட்குறிப்பு. ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த ஆன்றி ஃபிரெடரிக் அமியெல் (1821–1881) ஏறத்தாழ 17,000 பக்கங்கள் நாட்குறிப்பு எழுதி வைத்துவிட்டு மறைந்தார். 1880இல் எழுதிய ஒரு குறிப்பில், தம் வாழ்வைக் கல்லறைக்கு அப்பாலிருந்து காண்பவர் போலத் தாம் ஆகிவிட்டதைச் சொல்லி, தம் ஆளுமை தம்மிடமிருந்து கழன்றுவிட்டது என்ற பொருள்படும் ஒரு சொல்லைப் படைத்தார். 1898இல் லுடோவிக் துகா என்ற பிரெஞ்சு அறிஞர் அச்சொல்லையே எடுத்து நோய்க்குப் பெயராக்கினார். பேராசிரியர் ஒருவர் தனிமையில் எழுதிய ஒரு சொல் பின்னாளில் எத்தனையோ பேருடைய வாயடைப்பைத் திறந்திருக்கிறது. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

நமக்கு ஜெனீவா வரை போகவும் தேவையில்லை. அமியெலுக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் முன்பே, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் நூலில் இதன் எல்லைக்கு மிக அருகில் சென்று வந்த கதையைப் பதித்திருக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதிய தன்வரலாறு அது. நம்மவர்கள் அதைத் தத்துவ வாதியரை வென்ற நூலாகவும் தஸவ்வுஃபின் மேன்மையை நிலைநாட்டிய நூலாகவும் போற்றுகிறார்கள், தவறில்லை. ஆனால் ஒரு மனிதர் தம் துன்பத்தை எழுதிய நூலாக அதைப் படித்தவர்கள் நம்மிடையே குறைவு.

அதில் இரண்டு நெருக்கடிகள் வருகின்றன, இரண்டையும் குழப்பலாகாது. முதலாவது ஐயத்தின் நெருக்கடி. கண்ணுக்கு நிழல் அசையாமல் நிற்கிறது, ஆனால் அது நகர்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் அளவே தெரிகிறது, கணிதமோ அது பூமியைவிடப் பெரிது என்கிறது. புலன்களை நம்ப முடியாதென்றால் அறிவை மட்டும் எப்படி நம்புவது? கனவில் எல்லாம் உறுதியாகத்தானே தெரிகிறது; விழிப்பும் வேறொரு நிலையை நோக்க ஒரு கனவாக இருந்துவிட்டால்? இப்படி இமாம் அவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் தவித்தார்கள். ஆதாரம் காட்டியோ வாதம் செய்தோ அதிலிருந்து மீளவில்லை. அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஒளியால் மீண்டதாகச் சொல்கிறார்கள்.

என்னை இங்கு நிறுத்தியது அவர்கள் ஆண்ட ஒரு சொல். அந்த இரண்டு மாத நிலையை அவர்கள் மகாம் என்று சொல்லவில்லை, ஹால் என்று உயர்த்தவும் இல்லை. 'தாஉ' என்கிறார்கள். அரபியில் அதற்கு நோய் என்பது பொருள். ஃபனாவைப் பற்றி அதே நூலில் பின்னால் எழுதியவர்கள். ஞானப் பாதையின் ஏற்ற இறக்கங்களை அறிந்தவர்கள். உலகம் கனவோ என்று தமக்குத் தோன்றிய காலத்தை ஞானக் கணக்கில் சேர்க்காமல் நோய்க் கணக்கில் எழுதினார்கள். ஹுஜ்ஜதுல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் ஒருவர் செய்த இந்தப் பாகுபாட்டை நம் விமரிசகர்கள் செய்யத் தவறியதுதான் என் குறை.

இமாம் அவர்களுக்கு மருத்துவச் சீட்டு எழுதிக்கொடுக்க நான் துணியவில்லை. அவர்களுடைய முதல் நெருக்கடி சிந்தனையின் வழியே வந்தது. அஞ்சியவனின் ஒட்டாமை சிந்தனைக்கு முன்பே உடலில் வந்து இறங்குகிறது. எனினும் இரண்டாவது நெருக்கடியில் உடலும் பேசுகிறது. ஹிஜ்ரி 488 ரஜபில், அதாவது 1095இல், பாக்தாத் நிஜாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது நாவு கட்டுண்டது. மாணவர்களுக்குப் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல் எழவில்லை. ஒரு மிடறு கஞ்சி இறங்கவில்லை; ஒரு கவளம் செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியது, உள்ளக் கவலை தணிந்தாலன்றி மருந்தால் ஆகாது என்றார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் அந்த ஊசலாட்டம். இந்நூலின் இலக்கிய வலிமை இக்கணக்கில்தான் இருக்கிறது: இரண்டு மாதம், ஆறு மாதம், ஒரு மிடறு, ஒரு கவளம். துன்பத்தை அளந்து எழுதுகிறவரைத்தான் நம்ப முடிகிறது. பாக்தாதை விட்டுப் புறப்படுமுன் தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்தபோதும், பிள்ளைகளின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்ததை மறவாமல் எழுதுகிறார்கள்.

அப்படியானால் ஃபனாவை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? வடசென்னையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைப் படித்தால் விடை கிடைக்கிறது. தன்னை இழத்தல் அவர்கள் பாடல்களில் உண்டு; உலகம் பொய்யாதல் உண்டு. ஆனால் எல்லாம் ஒரு முன்னிலையை நோக்கி இருக்கிறது. அங்கே அழைக்கப்படுகிற ஒருவர் இருக்கிறார், ஏக்கம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. ஒட்டாமையில் முன்னிலையே இல்லை. தன்மையும் தேய்ந்து, எல்லாம் படர்க்கையாகிவிடுகிறது. கண்ணீர் வந்தால் போதுமே என்று அவன் ஏங்குகிறான். சூஃபி இழந்தது தன்னை. இவன் இழந்தது நெருக்கத்தை. இரண்டையும் ஒன்றென்று கொள்வது இருவருக்கும் செய்யும் அநீதி.

இந்த அளவுகோலோடு மௌனிக்கு (1907–1985) வருவோம். இருபத்து நான்கு கதைகளுக்கு மேல் எழுதாத அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் வருணித்தார். அவ்வொரு வருணனை அரை நூற்றாண்டு விமரிசனத்தைத் திசை திருப்பிவிட்டது என்பேன். 'அழியாச்சுட'ரையும் 'பிரபஞ்ச கான'த்தையும் தத்துவ விளக்கம் எழுதாமல் படித்தவர் சிலரே. மௌனியின் நடையைக் கூர்ந்து பாருங்கள்: 'போல', 'போன்று', 'தோன்றியது' என்ற சொற்கள் ஓயாமல் வருகின்றன. அவர் உவமையில் எழுதினார்; நாம் உருவகமாகப் படித்தோம். அவருடைய மாந்தர் உலகம் நிழல் என்று கண்டடைந்தவர்கள் அல்லர். நிழல் போல ஆகிவிட்டதே என்று மருண்டவர்கள். அந்த மருட்சியைத் தமிழில் அவரளவுக்கு நுட்பமாகச் சொன்னவர் இல்லை. ஆனால் குறையும் உண்டு. அவர் மாந்தருக்கு வயிறு இல்லை, உறக்கக் கேடு இல்லை, மறுநாள் அலுவலகம் இல்லை. கஸ்ஸாலியின் கஞ்சி மௌனியிடம் கிடையாது. ஆகவே அவரைப் படிக்கும் வருந்துகிற பிள்ளைக்குத் தன் துன்பம் அழகாகத் தெரியும். அதிலிருந்து வெளியே வரும் வாசல் தெரியாது.

நகுலனை நான் இன்னும் உயரத்தில் வைப்பேன். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக வாழ்ந்த அவர், 1972இல் வெளிவந்த 'நினைவுப்பாதை'யில் நவீனன் என்று தனக்கே இன்னோர் ஆளைப் படைத்து, தன்னை அப்பாலிருந்து பார்த்தார். தன்னைத் தானே படர்க்கையாக்குவது பிறருக்கு ஓர் உத்தி. நகுலனுக்கு அது அன்றாட நிலை. அவரிடம் நகைச்சுவை இருக்கிறது. வந்துபோகும் நண்பர்கள், மது, நாய், பூனை, புத்தகம் எல்லாம் இருக்கின்றன. சுசீலா என்ற ஒரு முன்னிலையை அவர் விடாமல் வைத்திருந்தார்; அவள் வராவிட்டாலும் அழைப்பு நிற்கவில்லை. ஒட்டாமையோடு ஒரு முழு ஆயுளை வாழ்வது எப்படி என்று ஒருவர் கேட்டால், தமிழில் நான் காட்டக்கூடிய எழுத்து இது. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' (1993இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது) இவ்வரிசையில் சேராது. அங்கே குரல்கள் போலக் கேட்கவில்லை, குரல்களே கேட்கின்றன. தம் சொந்தத் துன்பத்திலிருந்து அவர் எழுதிய அரிய நாவல் அது. எனினும் வேறு துன்பம். இவை எல்லாவற்றையும் 'உளவியல் எழுத்து' என்று ஒரே அலமாரியில் அடுக்குவது சோம்பல்.

நம் சமுதாயத்துக் கதைகளில் ஜின் தாராளமாக வருகிறது. தர்கா வாசலில் தலைவிரித்து ஆடும் பெண்கள் வருகிறார்கள். ஆடாமல், அலறாமல், ஐவேளையும் தொழுது, வகுப்புக்கும் போய்வந்து, உள்ளே உலகம் கழன்றுபோன ஒரு பிள்ளையை நம் கதாசிரியர்கள் இன்னும் காணவில்லை. அவன் அமைதியாக இருப்பதால் கதைக்கு உதவவில்லை போலும். இலக்கியத்தில் பெயரில்லாத துன்பத்துக்கு வீட்டில் கிடைக்கும் பெயர்கள் நல்லவை அல்ல. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களுக்கு இருந்த நோய்கள் எவை என்று நான் பேசவில்லை. ஒரு மனிதன் தனக்கு என்ன நேர்கிறதென்று சொல்லும் சொல்லைக் கேட்காத இடத்தில் சங்கிலி வந்து சேர்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. கேளாமையைச் சட்டம் தடை செய்ய இயலாது.

இதில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு கூடுதல் துன்பம் இருக்கிறது. தொழுகையில் நிற்கும்போது தன் உதடுகள் அசைவதைத் தானே தொலைவிலிருந்து பார்ப்பதாக உணர்கிறவன், என் ஈமான் போய்விட்டதோ, நான் முனாஃபிக் ஆகிவிட்டேனோ என்று நடுங்குகிறான். அந்நடுக்கம் திரையை இன்னும் தடிப்பாக்குகிறது. இஹ்யாவில் தொழுகையைப் பற்றிப் பேசும் இடத்தில் இமாம் அவர்கள் உள்ளம் முன்னிலையாவதை வலியுறுத்துகிறார்கள். அதைப் படித்து இவன் மேலும் மருளக்கூடும். அங்கே கண்டிக்கப்படுவது உலக ஆசையில் அலையும் பராமுகம். இவனுடையது பராமுகமன்று, உள்ளம் அங்கே இல்லையே என்று துடிப்பவனை எப்படிப் பராமுகக்காரன் என்பது? இதை மார்க்கத் தீர்ப்பாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு நூலின் சொல்லை அதன் இடத்தில் வைத்துப் படிக்கும் வாசகனாகச் சொல்கிறேன். துஆ ஓதும் பெரியவர் ஓதட்டும். அதனோடு மருத்துவரையும் பார்க்கட்டும். தைராய்டு, வலிப்பு போன்றவை இல்லை என்று அவர் உறுதி செய்தபின், பதற்றத்துக்கு மருத்துவமும் பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. ஒட்டாமைக்கென்றே தனி மருந்து இன்னும் நிலைநாட்டப்படவில்லை; ஆனால் பதற்றம் தணியத் தணியத் திரை மெலிவது கண்கூடு. கையைப் பார்த்துப் பார்த்துச் சோதிப்பதை விடுவதும், உறங்குவதும், திரை இருக்கும்போதே கடைக்கும் வகுப்புக்கும் போய்வருவதும் பெரிய துணை. கட்டணமின்றிப் பேச 14416 என்ற அரசுத் தொலைபேசி எண் 2022இலிருந்து இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு 'முன்கி'தின் அந்த இரண்டு பக்கங்களைப் பொருள் சொல்லிக் காட்டினேன். ஒளியைப் பற்றிய வரியில் அவன் நிற்கவில்லை; 'தாஉ' என்ற சொல்லில் நின்றான். "இமாமே இதை நோய் என்றா எழுதியிருக்கிறார்கள்?" என்று இருமுறை கேட்டான். பிறகு இரண்டு மாதம் என்பது அறுபது நாளா, கூடவா என்று விரல் விட்டு எண்ணினான். நூலின் பிற்பகுதியில், ஆண்டுக்கணக்கில் தனிமையில் திரிந்த இமாம் அவர்களைச் சொந்த ஊருக்குத் திருப்பி அழைத்து வந்தவை பிள்ளைகளின் அழைப்புகள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதை அடுத்த மாதக் கூட்டத்தில் படிக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.